உடம்புக்குள் மூன்று உழைப்பாளிகள்

தசை என்றவுடன் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது, கையை மடக்கிப் புஜத்தைக் காட்டி நிற்கும் பயில்வானின் படம்தான். ‘நமக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? ஆபீஸுக்குப் போகிறோம், வருகிறோம்’ என்று இந்தப் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். இந்த வரியைப் படிக்க உங்கள் கண்விழியை இடமிருந்து வலமாக நகர்த்துவது தசை. காலையில் சாப்பிட்ட இட்லியை வயிற்றுக்குள் கடைவது தசை. இதைப் படித்து முடிக்கப் பதினைந்து நிமிடம் ஆகுமானால், அதற்குள் ஆயிரம் தடவைக்கு மேல் சுருங்கி விரிந்து ரத்தத்தைச் செலுத்தப் போவதும் தசைதான்.

இந்த மூன்றும் ஒரே வகைத் தசை அல்ல. நம் பிள்ளைகளின் அறிவியல் பாடத்தில் ஸ்கெலிடல் மஸில், ஸ்மூத் மஸில், கார்டியாக் மஸில் என்று வருபவை இவைதான். தமிழில் எலும்புத் தசை, மென்தசை, இதயத் தசை. எலும்புத் தசையை மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் குறுக்கே கோடு கோடாகத் தெரியும். அதனால் அதற்கு வரித்தசை என்றும் பெயர். மென்தசையில் அந்தக் கோடுகள் இல்லை. ஆகவே வரியற்ற தசை. இதயத் தசையிலும் வரிகள் உண்டு. ஆனாலும் அது தனிச் சாதி.

பரீட்சைக்கு இவ்வளவு போதும், வீட்டுக்குப் போதாது. எது நம் சொல்லைக் கேட்கும், எது கேட்காது? எதை இழந்தால் திரும்பப் பெறலாம், எதை இழந்தால் இழந்ததுதான்? இந்த இரண்டு கேள்விகளுக்கும் மூன்று தசைகளும் மூன்று விதமாகப் பதில் சொல்கின்றன. அந்தப் பதில்கள் தெரிந்திருந்தால், நம்மோடு வந்து தங்கியிருக்கும் வயதான தாய் தந்தையரை எப்படிப் பார்த்துக்கொள்வது, நெஞ்சு வலித்தால் எவ்வளவு விரைவாக நடந்துகொள்வது என்பதெல்லாம் தானாகவே விளங்கும்.

இழுக்கத் தெரியும், தள்ளத் தெரியாது

எந்தத் தசையாக இருந்தாலும் அதற்குத் தெரிந்த வேலை ஒன்றே ஒன்றுதான்: சுருங்குவது. ஒரு தசையால் இழுக்க முடியும், தள்ள முடியாது. ‘கதவைத் தள்ளுகிறோமே, சப்பாத்தி மாவை அழுத்திப் பிசைகிறோமே?’ என்று கேட்கலாம். மேற்கையின் முன்பக்கத் தசை சுருங்கினால் முழங்கை மடங்கும்; பின்பக்கத் தசை சுருங்கினால் கை நீளும். கை நீளும்போது நாம் தள்ளுவதாகத் தோன்றுகிறது. உள்ளே நடப்பதோ இழுப்புதான். அதனால்தான் எலும்பை அசைக்கும் தசைகள் பெரும்பாலும் ஜோடி ஜோடியாக அமைந்திருக்கின்றன. ஒன்று சுருங்கும்போது மற்றது தளர்ந்து இடம் கொடுக்கும்.

தசை எப்படிச் சுருங்குகிறது என்பது வெகு காலம் புதிராகவே இருந்தது. 1954ஆம் ஆண்டு ‘நேச்சர்’ பத்திரிகையின் ஒரே இதழில் இரண்டு குழுவினர் தனித்தனியே விடை தந்தார்கள். ஒரு குழுவில் ஆண்ட்ரூ ஹக்ஸ்லியும் ரோல்ஃப் நீடர்கெர்க்கேயும். மற்றதில் ஹியூ ஹக்ஸ்லியும் ஜீன் ஹான்சனும். பெயர் ஒன்றாக இருந்தாலும் இரண்டு ஹக்ஸ்லிகளும் உறவினர் அல்லர்! தசைக்குள் ஆக்டின், மயோசின் என்று இருவகைப் புரத இழைகள் அடுக்கப்பட்டிருக்கின்றன. ஒன்று மற்றொன்றின் மேல் வழுக்கி நகர்வதால்தான் தசை குறுகுகிறது. இழைகள் குட்டையாவதில்லை என்பதே அவர்கள் கண்டது.

தேர் இழுப்பதை நினைத்துப் பாருங்கள். வடம் சுருங்குவதில்லை. பிடித்த கைகள் இழுக்கின்றன, விடுகின்றன, மறுபடி எட்டிப் பிடிக்கின்றன. ஆக்டின்தான் வடம். மயோசினில் இருக்கும் நுண்ணிய முனைகள்தான் கைகள். எலும்புத் தசையிலும் இதயத் தசையிலும் இந்த வடங்களும் கைகளும் வரிசை பிசகாமல் அடுக்கப்பட்டிருப்பதால்தான் கோடுகள் தெரிகின்றன. மென்தசையிலும் இதே இரண்டு புரதங்கள் உண்டு. ஆனால் இவ்வளவு ஒழுங்கான அடுக்கு இல்லை.

இதில் இன்னொரு வேடிக்கை: பிடித்த கையை விடுவதற்கும் சக்தி செலவாகிறது. உயிர் பிரிந்த சில மணி நேரத்தில் உடல் விறைத்துப்போவது இதனால்தான். சக்தி தீர்ந்துவிட்டதால் பிடித்த கைகள் விடமுடியாமல் அப்படியே நின்றுவிடுகின்றன.

‘பிடி, இழு’ என்று உத்தரவு கொடுப்பது கால்ஷியம். இது வெளிப்பட்ட கதை சுவையானது. லண்டனில் சிட்னி ரிங்கர் என்ற மருத்துவர், தவளையின் இதயத்தைத் தனியே எடுத்து உப்புக் கரைசலில் வைத்துத் துடிக்கவிட்டு ஆராய்ந்துகொண்டிருந்தார். 1883இல் அவருக்கு ஓர் உண்மை தெரிந்தது. காய்ச்சி வடித்த நீர் என்று தாம் நினைத்திருந்தது உண்மையில் லண்டன் நகரத்துக் குழாய்த் தண்ணீர்! சுத்தமான வடிநீரில் கரைசலைச் செய்தபோது இதயம் சோர்ந்து நின்றது. குழாய் நீரில் கரைந்திருந்த கால்ஷியம்தான் அதைத் துடிக்க வைத்திருந்தது. ஆஸ்பத்திரியில் நம்மவர்களுக்குச் சொட்டுச் சொட்டாக ஏற்றும் ‘ரிங்கர் லாக்டேட்’ பாட்டிலில் இருப்பது அவருடைய பெயர்தான்.

சொன்னால் கேட்கும் தசை

எலும்புத் தசைகள் நம் உடம்பில் அறுநூறுக்கு மேல் இருக்கின்றன. ஆண்களின் எடையில் ஏறத்தாழ 40 சதவிகிதம் இவைதான். பெண்களுக்குச் சற்றுக் குறைவு. மிகப் பெரியது நாம் உட்காரும் புட்டத்துத் தசை. மிகச் சிறியது காதுக்குள் இருக்கிறது. அங்கவடி போன்ற வடிவமுள்ள, உடம்பிலேயே மிகச் சிறிய எலும்பைப் பிடித்துக்கொண்டு, பெரிய சத்தம் கேட்கும்போது அதன் அதிர்வை அடக்குகிறது. முகத்தில் உள்ள தசைகள் பல, தோலோடு இணைந்தவை. அதனால்தான் மனிதனால் ஒரு சொல்லும் பேசாமல் கோபத்தையும் சிரிப்பையும் காட்ட முடிகிறது.

இந்தத் தசைகள் மூளையின் உத்தரவுக்குக் கட்டுப்பட்டவை. நரம்பு வழியே கட்டளை வந்தால்தான் இயங்கும். ஆனால் கட்டளை போடவும் பழக வேண்டும். நாக்கையே எடுத்துக்கொள்வோம். எட்டு ஜோடித் தசைகளால் ஆனது நாக்கு. அவற்றில் நான்கு எந்த எலும்போடும் ஒட்டாமல் நாக்குக்குள்ளேயே இருந்து அதன் வடிவத்தை மாற்றுபவை. நாக்கை வளைத்து ‘ழ’ என்று சொல்வது இந்தத் தசைகளுக்கு ஒரு பயிற்சி. வடக்கே பிறந்து வளரும் நம் பிள்ளைகள் ‘வாளைப்பளம்’ என்று சொன்னால் நாக்கு தடித்துப்போனதாகப் பொருள் இல்லை. மூளையும் நாக்கும் சேர்ந்து அந்த அசைவைப் பழகவில்லை, அவ்வளவுதான். சைக்கிள் ஓட்டுவதைப் போல, வீணை வாசிப்பதைப் போல, இதுவும் திரும்பத் திரும்பச் செய்தால் படியும்.

எலும்புத் தசையின் இழைகளிலும் இரு வகை உண்டு. மெதுவாகச் சுருங்கி, நெடுநேரம் களைக்காமல் உழைப்பவை ஒரு வகை. சட்டென்று பலமாகச் சுருங்கி, விரைவில் களைப்பவை மற்றொரு வகை. நேராக நிற்க வைக்கும் முதுகுத் தசைகளில் முதல் வகை அதிகம். பஸ்ஸைப் பிடிக்க ஓடும்போதும், கால் இடறினால் விழாமல் சமாளிக்கும்போதும் கைகொடுப்பது இரண்டாவது வகை. வயதாகும்போது முதலில் மெலிவது இந்த இரண்டாவது வகைதான். முதியவர்கள் சட்டென்று சமாளிக்க முடியாமல் கீழே விழுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

அசைப்பது மட்டுமல்ல, உடம்பைச் சூடாக வைப்பதும் இந்தத் தசையே. டில்லியின் ஜனவரிக் குளிரில் பல் தந்தியடிக்கிறதே, அது தசைகள் வேகவேகமாகச் சுருங்கி வெப்பம் உண்டாக்கும் ஏற்பாடு. நடு இரவில் கெண்டைக்காலைச் சுருட்டிப் பிடிக்கும் குரக்களி, இதே தசை விடாமல் இறுகிக்கொள்வது. காலை நீட்டி, பாதத்தின் விரல்களை நம்மை நோக்கி மெதுவாக இழுத்தால் பெரும்பாலும் விட்டுவிடும். வலக் கண் துடித்தால் நல்லது, இடக் கண் துடித்தால் கெட்டது என்றெல்லாம் பலன் சொல்வார்கள். அது இமையின் தசை இழைகள் சில தாமாகத் துடிப்பது. தூக்கமின்மை, களைப்பு, அளவுக்கு மீறிய காப்பி ஆகியவையே வழக்கமான காரணங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, உடம்பில் சர்க்கரையைச் சேமித்து வைக்கும் மிகப் பெரிய கிடங்கு எலும்புத் தசைதான். இயங்கும் தசை, இன்சுலின் உதவி இல்லாமலே ரத்தத்திலிருந்து சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். சாப்பிட்டபின் சிறிது நடக்கச் சொல்வதன் பொருள் இதுவே. கிடங்கு சிறுத்தால் சர்க்கரைக்கு இடம் குறையும்.

நம் நாட்டவருக்கு இதில் ஒரு தனி எச்சரிக்கை உண்டு. 2004இல் ‘லான்செட்’ மருத்துவப் பத்திரிகையில், புனே நகரத்து டாக்டர் யாஜ்னிக்கும் லண்டன் பேராசிரியர் ஜான் யுட்கினும் தங்கள் இருவரின் புகைப்படத்தையே வெளியிட்டார்கள். உயரத்துக்கேற்ற எடையைக் காட்டும் கணக்கு இருவருக்கும் ஒன்றே: 22.3. ஆனால் உடலின் கொழுப்பை அளந்தபோது ஆங்கிலேயருக்கு 9.1 சதவிகிதம், நம்மவருக்கு 21.2 சதவிகிதம்! பார்வைக்கு ஒல்லி, உள்ளே கொழுப்பு. எடை ஒன்றாக இருந்து கொழுப்பு கூடினால், தசை முதலான மற்றவற்றின் பங்கு குறைந்திருக்கிறது என்பதுதானே பொருள்? ‘நான் ஒல்லிதான், எனக்கு எதற்கு உடற்பயிற்சி?’ என்பவர்கள் யோசிக்க வேண்டிய செய்தி இது.

உட்கார வைக்கும் அன்பு

முப்பது வயதுக்குப் பிறகு, பத்தாண்டுக்கு மூன்று முதல் எட்டு சதவிகிதம் வரை தசை குறைந்துகொண்டே போகிறது. அறுபதுக்குப் பிறகு வேகம் கூடுகிறது. இந்தத் தேய்வுக்கு 1989இல் இர்வின் ரோசன்பர்க் என்ற அமெரிக்க மருத்துவர் ‘சார்கோபீனியா’ என்று பெயர் வைத்தார். கிரேக்கத்தில் ‘சதைக் குறைவு’ என்று பொருள்.

இப்போது நம் வீடுகளைப் பார்ப்போம். ஊரில் இருந்தவரை அம்மா கிணற்றடிக்கும் கொல்லைக்கும் கோயிலுக்கும் நடந்தார். தரையில் உட்கார்ந்து காய் நறுக்கினார். குனிந்து கோலம் போட்டார். அப்பா மார்க்கெட்டுக்கும் லைப்ரரிக்கும் நடந்துபோய் வந்தார். அவர்களை இங்கே மூன்றாவது மாடி பிளாட்டுக்கு அழைத்து வருகிறோம். மொழி தெரியாத ஊர். வெளியே போகத் தயக்கம். சோபா இருக்கிறது, டிவி இருக்கிறது. “நீங்க உட்காருங்கம்மா, எல்லாம் நான் பாத்துக்கறேன்” என்று நாமும் பாசத்தோடு சொல்கிறோம். இரண்டு வருடத்தில் அம்மா நாற்காலியின் கையைப் பிடிக்காமல் எழுந்திருக்க முடிவதில்லை. ‘வயசாயிடுச்சு’ என்கிறோம். வயது மட்டுமா காரணம்? அவருடைய தொடைத் தசைக்கு நாம் வேலையே கொடுக்கவில்லை. வேலை இல்லாத தசையை உடம்பு வைத்துக்கொள்வதில்லை.

இந்த இடத்தில்தான் எலும்புத் தசையின் பெருந்தன்மையைச் சொல்ல வேண்டும். கேட்டால் திரும்பிவரும் தசை இது. 1961இல் அலெக்ஸாண்டர் மௌரோ என்ற விஞ்ஞானி, தசை இழைகளின் ஓரமாக ஒட்டிக்கொண்டு உறங்கும் சிறிய செல்களைக் கண்டார். துணைக்கோள் செல்கள் என்று அவற்றுக்குப் பெயர். தசை அடிபட்டாலும் நன்றாக உழைத்தாலும் இவை விழித்துப் பெருகி, பழுதுபார்க்கும் வேலையில் இறங்குகின்றன.

எத்தனை வயது வரை இது நடக்கும்? 1990இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் மரியா ஃபியட்டரோனும் அவருடைய குழுவினரும், முதியோர் இல்லத்தில் இருந்த தொண்ணூறு வயதை ஒட்டிய பத்துப் பேருக்கு எட்டு வாரம் காலால் எடை தூக்கும் பயிற்சி கொடுத்தார்கள். ஒருவர் நடுவில் நின்றுவிட்டார். முடித்த ஒன்பது பேரின் கால் பலம் சராசரியாக 174 சதவிகிதம் கூடியது. தொண்ணூறு வயதில் முடிகிறது என்றால், எழுபதில் ‘இனிமேல் என்ன?’ என்பதற்கு இடமே இல்லை.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்து பார்க்கலாம். கைகளை மார்பின் மேல் கட்டிக்கொண்டு, நாற்காலியில் இருந்து ஐந்து முறை எழுந்து உட்காரச் சொல்லுங்கள். நீங்கள் பக்கத்தில் நின்றுகொள்ளுங்கள். 12 விநாடி அல்லது அதற்கு மேல் ஆனால் தசையின் செயல்திறன் குறைந்திருக்கிறது என்பது ஆசிய நாடுகளின் நிபுணர் குழு 2019இல் வகுத்த அளவு. தையல்கார டேப்பால் கெண்டைக்காலின் மிகப் பருத்த இடத்தை அளந்தாலும் குறிப்புக் கிடைக்கும். ஆண்களுக்கு 34 சென்டிமீட்டருக்கும் பெண்களுக்கு 33க்கும் குறைவாக இருந்தால் கவனிக்க வேண்டும் என்று அதே குழு சொல்கிறது.

மருந்து என்ன? வேலையும் உணவும்தான். நாற்காலியில் இருந்து எழுந்து உட்காருவதையே காலையில் பத்து, மாலையில் பத்து என்று செய்யலாம். முழங்கால் இடம் கொடுத்தால் ஒரு மாடியாவது படியேறலாம். உணவில் புரதம் வேண்டும். ஐ.சி.எம்.ஆர். 2020இல் வெளியிட்ட அளவுப்படி, உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளைக்கு 0.83 கிராம், அறுபது கிலோ உள்ளவருக்குச் சுமார் 50 கிராம். ரசம் சாதமும் ஊறுகாயும் சாப்பிட்டுவிட்டு இந்தக் கணக்கை எட்ட முடியாது. பருப்பு, சுண்டல், தயிர், பனீர், வழக்கம் உள்ள வீட்டில் முட்டை, மீன் என்று ஒவ்வொரு வேளையும் ஏதாவது ஒன்று இலையில் இருக்க வேண்டும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்டே புரதத்தைக் கூட்ட வேண்டும்.

சொல்லாமலே செய்யும் தசை

அடுத்தது மென்தசை. இதன் செல்கள் நூல் சுற்றிய கதிர் போல இரு முனையும் கூர்மையாக, நடுவில் ஒரே உட்கருவுடன் இருக்கும். இரைப்பை, குடல், ரத்தக் குழாய், மூச்சுக் குழாய், சிறுநீர்ப்பை, கர்ப்பப்பை என்று உள்ளுறுப்புகளின் சுவர்களில் எல்லாம் இதுதான்.

எதைச் செய் என்று நாம் இதற்குச் சொல்ல முடியாது. ஒரு கவளத்தை வாயில் போட்டு விழுங்குகிறோம். விழுங்கத் தொடங்குவது நம் விருப்பம். தொண்டையைத் தாண்டியபின் நடப்பது நம் கையில் இல்லை. உணவுக் குழாயின் மேல் பகுதி எலும்புத் தசை வகை, கீழ்ப் பகுதி மென்தசை. குழாய் அலை அலையாகச் சுருங்கி உணவைக் கீழே அனுப்புகிறது. அதனால்தான் சிரசாசனத்தில் நிற்பவர் தண்ணீர் குடித்தாலும் அது ‘மேலே’ இருக்கும் வயிற்றுக்குப் போய்ச் சேரும். முயன்று பார்க்க வேண்டாம், புரை ஏறும்!

நல்ல பாட்டைக் கேட்டு மயிர்க்கூச்செறிகிறதே, ஒவ்வொரு முடியின் அடியிலும் இருக்கும் துளி மென்தசை சுருங்குவதுதான் அது. இருட்டில் கண்மணி விரிவதும் வெயிலில் சுருங்குவதும் மென்தசையால்தான். பக்கத்தில் இருப்பதைப் பார்க்கக் கண்ணின் லென்ஸைச் சரிசெய்வதும் அதுவே; மணிக்கணக்கில் செல்போனைப் பார்க்கும் பிள்ளைகளை நடுநடுவே ஜன்னலுக்கு வெளியே பார்க்கச் சொன்னால் அந்தத் தசை சற்றுத் தளரும்.

மென்தசை மெதுவாகச் சுருங்கும்; ஆனால் மிகக் குறைந்த சக்தியில் நெடுநேரம் பிடித்தபடியே இருக்கும், எளிதில் களைக்காது. தேவைப்பட்டால் பிரமிக்கத்தக்க அளவு வளரவும் செய்யும். சாதாரண நாளில் அறுபது எழுபது கிராம் இருக்கும் கர்ப்பப்பை, பிரசவ காலத்தில் ஏறத்தாழ ஒரு கிலோ ஆகிறது. குழந்தை பிறந்த சில வாரங்களில் மறுபடி சுருங்கிப் பழைய நிலைக்கு வருகிறது.

இந்தத் தசை வலியின் மூலமாகவோ மூச்சிரைப்பின் மூலமாகவோதான் நம்மோடு பேசும். சிறுநீரகக் கல் இறங்கும்போது ஆளையே புரட்டிப் போடும் வலி, கல்லைத் தள்ளிவிட அந்தக் குழாயின் மென்தசை முறுக்கிக்கொள்வதால் வருவது. தூசியும் புகையும் நிறைந்த நகரங்களில் பல பிள்ளைகளுக்கு வரும் ஆஸ்துமாவில், மூச்சுக் குழாயைச் சுற்றியுள்ள மென்தசை இறுகி வழியைக் குறுக்கிவிடுகிறது. இன்ஹேலரில் உள்ள சால்புட்டமால் அந்தத் தசையைத் தளர்த்துகிறது. ‘இன்ஹேலர் பிடித்தால் பழக்கமாகிவிடும்’ என்று பயந்து பிள்ளையை மூச்சுத் திணற விடுவது வீண் கொடுமை. உள்ளே இருக்கும் வீக்கத்தைக் குறைக்கும் மருந்தையும் டாக்டர் கொடுத்திருந்தால் அதையும் விடாமல் தர வேண்டும்.

ரத்தக் கொதிப்பும் பெரிதும் இந்தத் தசையைப் பொறுத்ததே. சிறிய ரத்தக் குழாய்களின் மென்தசை இறுகினால் அழுத்தம் ஏறும். பலர் தினமும் சாப்பிடும் அம்லோடிபின் மாத்திரை, அந்தத் தசைக்குள் கால்ஷியம் புகுவதைக் குறைக்கிறது. உத்தரவு குறைந்தால் இறுக்கமும் குறைகிறது. ரிங்கர் கண்ட கால்ஷியம்தான் இங்கேயும் வேலை செய்கிறது! தசை பழைய வேலைக்குத் திரும்பிவிடும் என்பதால், ‘பி.பி. சரியாகிவிட்டது’ என்று நாமாக மாத்திரையை நிறுத்தக் கூடாது.

தூங்காத தசை

மூன்றாவது இதயத் தசை. நம் கைமுஷ்டி அளவுள்ள, முந்நூறு கிராம் எடையை ஒட்டிய உறுப்பு. நிமிடத்துக்கு 72 தடவை என்றால் நாளைக்கு ஒரு லட்சத்துக்கு மேல் துடிக்கிறது. ஓய்வில் இருக்கும்போதே நிமிடத்துக்குச் சுமார் ஐந்து லிட்டர் ரத்தத்தைச் செலுத்துகிறது. இத்தனைக்கும் அது ஓய்வே எடுப்பதில்லை என்பது முழு உண்மை அல்ல. ஒரு துடிப்புக்கு ஆகும் 0.8 விநாடியில், கீழறைகள் சுருங்கியிருப்பது ஏறக்குறைய 0.3 விநாடிதான். மீதி நேரம் தளர்ந்து ரத்தத்தை நிரப்பிக்கொள்கிறது. துடிப்புக்குத் துடிப்பு ஓய்வு!

இதயத் தசையின் செல்கள் கிளைவிட்டு, ஒன்றோடொன்று கைகோத்தபடி இருக்கும். ஒரு செல்லுக்கு வந்த மின்துடிப்பு அடுத்ததற்குத் தாவி, அறை முழுவதும் ஒரே ஆளாகச் சுருங்கும். உத்தரவு மூளையிலிருந்து வர வேண்டியதில்லை. வலது மேலறையில் இருக்கும் ஒரு சிறிய முடிச்சு தானாகவே தாளம் போடுகிறது. அதை 1907இல் கண்டவர்கள் ஆர்தர் கீத், மார்ட்டின் ஃப்ளாக் என்ற இருவர். மூளை வேகத்தைக் கூட்டலாம், குறைக்கலாம்; தாளம் இதயத்தினுடையது. 1994 ஆகஸ்டில் டில்லி எய்ம்ஸ் மருத்துவமனையில் டாக்டர் வேணுகோபால் குழுவினர் இந்தியாவின் முதல் வெற்றிகரமான இதய மாற்று அறுவையைச் செய்தார்கள். நரம்புகள் அறுபட்ட ஓர் இதயம் வேறோர் உடலில் துடிக்க முடிவதற்குக் காரணம் இந்தச் சொந்தத் தாளம்தான்.

இவ்வளவு உழைக்கும் தசைக்கு ஒரு பெரிய குறை உண்டு. இழந்தால் திரும்ப வளராது. 2009இல் ஸ்வீடன் நாட்டு விஞ்ஞானிகள் இதைப் புதுமையான முறையில் கணக்கிட்டார்கள். 1950களிலும் 60களின் தொடக்கத்திலும் வெட்டவெளியில் நடந்த அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் ஒருவகைக் கார்பன் கூடி, பிறகு குறைந்தது. அதன் தடத்தை வைத்து, ஒருவருடைய இதயச் செல்கள் எந்த ஆண்டில் உருவானவை என்று கண்டறிந்தார்கள். 25 வயதில் ஆண்டுக்கு நூற்றில் ஒரு பங்கு செல்கள்தாம் புதிதாகின்றன. 75 வயதில் அரைப் பங்குகூட இல்லை. மாரடைப்பில் ஒரு பகுதி செத்தால் அதை நிரப்ப இது எம்மாத்திரம்? அந்த இடத்தில் தழும்புதான் உண்டாகும், தழும்பு துடிக்காது.

மாரடைப்பு என்றால் என்ன? இதயத் தசைக்கு ரத்தம் கொடுக்கும் குழாய் அடைபடுவது. முழுவதும் அடைபட்டால், அரை மணி நேர அளவிலேயே தசை சாகத் தொடங்குகிறது. அடுத்த சில மணி நேரத்தில் சேதம் பரவிக்கொண்டே போகிறது. குழாயை எவ்வளவு சீக்கிரம் திறக்கிறார்களோ அவ்வளவு தசை பிழைக்கும். இங்கே நேரம்தான் தசை.

ஆனால் நம் வீடுகளில் என்ன நடக்கிறது? ‘வாயுவாக இருக்கும்’ என்று ஓம வாட்டர் கொடுக்கிறோம்; இஞ்சி தட்டிப் போடுகிறோம். ‘ராத்திரி நேரம், காலையில் பார்க்கலாம்’ என்கிறோம். ஊரில் இருக்கும் அண்ணாவுக்குப் போன் செய்து யோசனை கேட்கிறோம். அத்தனை நிமிடமும் தசைக்கணக்கில் கழிகிறது. வாயு என்றால் காலையில் சிரித்துக்கொள்ளலாம். இதயம் என்றால் காலை வரை பொறுக்காது.

நடு நெஞ்சில் அழுத்தம் அல்லது கனம், இடது கை, தாடை, முதுகு, மேல் வயிறு ஆகிய இடங்களுக்குப் பரவும் வலி, காரணமில்லாத வியர்வை, மூச்சுத் திணறல் – இவற்றில் எது வந்தாலும் சில நிமிடம் நீடித்தால் உடனே கிளம்ப வேண்டும். பெண்களுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும் வலியே இல்லாமல், திடீர்க் களைப்பும் மூச்சு வாங்குதலும் மட்டுமே வரலாம். நோயாளியைப் படியிறங்கி நடக்க விடாதீர்கள். தானே வண்டி ஓட்டிக்கொண்டு போகவும் விடாதீர்கள். 112 நாடு முழுவதற்குமான அவசர எண். பல மாநிலங்களில் ஆம்புலன்ஸுக்கு 108 உண்டு. இதயக் குழாயை இரவிலும் திறக்கும் வசதியுள்ள ஆஸ்பத்திரி நம் பேட்டையில் எது என்று இன்றைக்கே விசாரித்து, வீட்டில் எல்லோர் கண்ணிலும் படும்படி எழுதி ஒட்டி வையுங்கள். சொந்த பந்தம் தொலைவில் இருக்கும் நமக்கு இது இன்னும் அவசியம். இரவு இரண்டு மணிக்குக் கதவைத் தட்ட நம்பிக்கையான பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர், அவர் எந்த மொழி பேசுபவராக இருந்தாலும், நமக்கு வேண்டும்.

மூவருக்கும் மூன்று மரியாதை

ஆக, எலும்புத் தசை நம் பேச்சைக் கேட்கும். வேலை கொடுத்தால் எந்த வயதிலும் வளரும். அதற்கு நாம் செய்யும் மரியாதை, வேலை. மென்தசை நம் பேச்சைக் கேட்காது. ஆனால் மருந்தின் பேச்சைக் கேட்கும். அதற்கு நாம் செய்யும் மரியாதை, டாக்டர் சொன்ன மருந்தை ஒழுங்காகச் சாப்பிடுவது. இதயத் தசை யாரையும் கேட்காமல் உழைக்கும், ஆனால் ஒரு முறை இழந்தால் திரும்பாது. அதற்கு நாம் செய்யும் மரியாதை, தாமதிக்காமல் இருப்பது.

அடுத்த முறை அம்மா “நான் போய்ப் பால் வாங்கிட்டு வரேன்” என்றால், “வேண்டாம்மா, நீங்க உட்காருங்க” என்று தடுக்காதீர்கள். செருப்பை எடுத்துக் கொடுத்துவிட்டு, முடிந்தால் நீங்களும் கூடவே நடந்து போய் வாருங்கள்.